தவளைக்கு மீல்வார்ம் மட்டும் போட்டா போதுமா?

கொழுகொழு_குட்டி
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா சத்தமில்லாம படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இதான் என் மொத போஸ்ட். என்கிட்ட ஒரு ஒயிட்ஸ் ட்ரீ ஃப்ராக் (மரத்தவளை) இருக்கு, வாங்கி ஆறு மாசம் ஆச்சு, வயசு ஒன்பது பத்து மாசம் இருக்கும். ஆரம்பத்துலேருந்து மீல்வார்ம்தான் (மாவு, தவிட்டுல வளர்ற வண்டுப் புழு) போடறேன், ஏன்னா அது கத்தாது, குதிச்சு ஓடாது, நாத்தமும் கிடையாது, தவிட்டோட டப்பால போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சா வாரக்கணக்குல அப்படியே தூங்கிட்டு கெடக்கும். கால்சியம் பவுடர் தவறாம போட்டுதான் குடுக்கறேன். நேத்து ஒரு ஃப்ரெண்டு வந்து பாத்துட்டு "வெறும் மீல்வார்மா?"ன்னு ஒரு மாதிரி கேட்டான், அதுலேருந்து மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. இத விட நல்ல பூச்சி ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, அத வாங்கிப் போட்டுட்டு நிம்மதியா இருந்துக்கறேன்.

வாய்பெருசு
ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கன்னு கேட்டா இங்க அடிதடிதான் ப்ரோ நடக்கும் 😂 துண்டு போட்டு இடம் பிடிச்சாச்சு. (நான் வளக்கறது பேக்மேன் தவளை, அதுக்கு என் விரலும் ஒரு பூச்சிதான்.)

இரவுப்பாட்டு
தம்பி, நிம்மதி எல்லாம் தவளை வளக்கறவங்களுக்கு கெடைக்காது, மொதல்ல அத மறந்துடு. மீல்வார்ம் கெட்டதுன்னு நான் சொல்ல மாட்டேன், அது *மட்டும்*னா கெட்டது. ஏன்னு சொல்றேன். மீல்வார்ம் எடையில 13 சதவீதம் கொழுப்பு, சூப்பர்வார்ம் (அதே மாதிரி, ஆனா பெரிய புழு) 18 கிட்ட வரும், வேக்ஸ்வார்ம்னு வெள்ளையா கொழுக்குன்னு இருக்குமே அது 25 சதவீதம். கிரிக்கெட் (பேட்டும் பந்தும் இல்லப்பா, சுவர்க்கோழி) 7 சதவீதத்துக்குள்ள நிக்கும், பட்டுப்புழு, மண்புழு ரெண்டும் 2 சதவீதம் கூட தாண்டாது. ஒயிட்ஸ் தவளை சும்மாவே உக்காந்த எடத்துல உக்காந்து பெருக்கற ஜாதி. கொழுப்பு தொடர்ந்து ஏறுச்சுன்னா கண்ணு மேல வெள்ளையா ஏடு மாதிரி படிய ஆரம்பிக்கும், கருவிழியில கொழுப்பு சேர்ற வியாதி, அது வந்துட்டா திருப்பறது ரொம்ப கஷ்டம். தலைக்கு மேல கண்ணு பக்கம் தொங்கற மடிப்பு கண்ண மூடற அளவுக்கு இருந்தா தீனி ஜாஸ்தின்னு அர்த்தம், மடிப்பே இல்லாம தட்டையா இருந்தா கம்மி.

அடுத்தது கால்சியம். தவளைக்குப் போற சாப்பாட்டுல பாஸ்பரஸ் ஒரு பங்குன்னா கால்சியம் ஒன்றரைலேருந்து ரெண்டு பங்கு இருக்கணும். பூச்சிங்ககிட்ட எலும்பே கெடையாதே, அதனால அப்படியே தலைகீழா இருக்கும், கிரிக்கெட்லயும் மீல்வார்ம்லயும் கால்சியத்த விட பாஸ்பரஸ் பல மடங்கு. பவுடர் போடறது அதுக்குத்தான், நீ அத ஒழுங்கா பண்ணிட்டு இருக்க, சந்தோஷம். வைட்டமின் டி3 சேந்த பவுடரா பாரு, டி3 இல்லாட்டி உள்ள போற கால்சியம் உடம்புல ஒட்டாது.

என் வீட்டுல இப்ப பாதிக்குப் பாதி டூபியா கரப்பானும் கிரிக்கெட்டும், நடுவுல மண்புழு, கெடைக்கறப்ப பட்டுப்புழு, ஹார்ன்வார்ம் (பெரிய பச்சைப் புழு). மீல்வார்ம் எப்பவாச்சும், அதுவும் தோலுரிச்சு வெள்ளையா மெத்துனு இருக்கறதா பொறுக்கி எடுத்து. வேக்ஸ்வார்ம் எல்லாம் மிட்டாய் மாதிரி, மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு.

கண்ணாடிக்கூண்டு
என்னக்கா பிளாக் சோல்ஜர் ஃப்ளைன்னு ஒரு ஈயோட புழுவ விட்டுட்டீங்க. கால்சியம் பாஸ்பரஸ் கணக்கு இயற்கையாவே சரியா இருக்கற தீனிப் பூச்சி அது, பவுடரே தேவையில்ல. அவர் ஒண்ணே ஒண்ணு கேட்டாருல்ல, அதுக்கு இதான் பதில், இழைய மூடிடலாம்.

இரவுப்பாட்டு
மூடிடாதீங்க 😄 அந்தப் புழு நல்லதுதான், நானும் போடுவேன். ஆனா அந்தக் கால்சியம் எங்க இருக்கு? பெரும்பாலும் தோல்ல. பல்லி ஓணான் எல்லாம் நறுக்கு நறுக்குன்னு கடிச்சு நசுக்கித் திங்கும், தோல் கிழியும். தவளைக்கு கீழ்த்தாடையில பல்லே கெடையாது, அப்படியே முழுங்கும், முழுங்கறப்ப கண்ணு ரெண்டும் உள்ள போய் தொண்டையில சாப்பாட்ட தள்ளும், அவ்வளவுதான் அது மெல்லற லட்சணம். மவுண்டன் சிக்கன்னு பேரு வச்ச ஒரு பெரிய தவளை இருக்கு (பேரப் பாத்து ஏமாறாதீங்க, தவளைதான், டொமினிகா, மான்செராட் தீவுங்கள்ல இருக்கு). அதுக்கு இந்தப் புழுவ முழுசாவும் நசுக்கியும் குடுத்துப் பாத்து 2008ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. முழுசா குடுத்தப்ப கால்சியம் பாதி கூட செரிக்கல, நசுக்கிக் குடுத்தப்ப நல்லா செரிச்சுது. மறுநாள் நம்ம தவளை போட்ட கக்காவப் பாத்தீங்கன்னா உங்களுக்கே தெரியும், சில புழு அச்சு அசலா உருவம் மாறாம வெளிய வந்து கெடக்கும். நான் குடுக்கறதுக்கு முன்ன ஊசியால ரெண்டு குத்து குத்திடுவேன், பாவம்தான், ஆனா செரிக்கணுமே.

கண்ணாடிக்கூண்டு
கக்கா விஷயம் உண்மைதான், நானும் பாத்திருக்கேன் 🙄 அத சீக்கு எதுவோன்னு நெனச்சிட்டு இருந்தேன். சரி ஊசி வாங்கறேன்.

சேத்துல_காலு
இவ்வளவு கணக்கு எதுக்குன்னு புரியல. காட்டுல தவளைக்கு யாரு பவுடர் போடறா, யாரு ஊசி குத்தறா? ராத்திரி லைட்டப் போட்டா ஆயிரம் பூச்சி வந்து விழுது, மழை பெஞ்சா ஈசல் கொட்டுது, புல்லுல வெட்டுக்கிளி. காசில்லாம நூறு வகை. கடையில டப்பால அடைச்சு விக்கற ரெண்டு வகை பூச்சிய விட இது சத்து ஜாஸ்தி. நான் அப்படித்தான் வளக்கறேன், ஒண்ணும் ஆகல.

டப்பாக்குள்ள_காடு
வகை ஜாஸ்திங்கறது நூத்துக்கு நூறு சரி அண்ணே, அத மறுக்கவே மாட்டேன். என்கிட்ட இருக்கறது டார்ட் ஃப்ராக்னு ஒரு குட்டித் தவளை, காட்டுல எறும்பும் சிலந்திப் பேன் மாதிரி குட்டிக்குட்டி பூச்சியும் தின்னு தோல்ல விஷம் சேத்து வச்சிருக்கும், அதே தவளைய டப்பால பழ ஈ போட்டு வளத்தா விஷமே இருக்காது. தின்னறதுதான் உடம்புங்கறதுக்கு இத விட சாட்சி வேணுமா. ஆனா அதே காரணத்துக்குத்தான் வெளியில புடிக்கற பூச்சிக்கு நான் பயப்படறேன். அந்த வெட்டுக்கிளி நேத்து எந்தத் தோட்டத்துல மருந்தடிச்ச எலையத் தின்னுச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. மருந்து பட்ட பூச்சி உடனே சாகாது, கொஞ்சம் மந்தமா சுத்தும், அதாவது கையில ஈசியா சிக்கறதே அதுதான். லைட்டுக்கு வர்றது எங்கேருந்து வருதுன்னும் தெரியாது. குடல் புழு முட்டை ஏத்திட்டு வர்றது தனி.

அப்புறம் பூச்சிங்க எல்லாம் அப்பாவியும் இல்ல. மின்மினிப்பூச்சி உடம்புல இதயத்த தாக்கற விஷம் இருக்கு, ஒண்ணே ஒண்ணு தின்னு பியர்டட் டிராகன் ஓணான் செத்தது பதிவாகியிருக்கு, தவளைக்குப் போட்டு சோதிச்சுப் பாக்க நான் தயாரில்ல. பொம்பார்டியர் வண்டு வயித்துக்குள்ள போய் கொதிக்கக் கொதிக்க பீச்சியடிக்கும், தேரை வாந்தி எடுத்து அத உயிரோட வெளிய துப்பும். இதெல்லாத்த விட கொடூரம் எபோமிஸ்னு ஒரு வண்டோட புழு, அது கொம்பையும் தாடையையும் ஆட்டி ஆட்டி தவளைய கிட்ட கூப்பிடும், தவளை இரைன்னு நெனச்சு நாக்க நீட்டறப்ப டக்குனு தவளை தோலப் புடிச்சுத் தொங்கி, தவளையவே தின்னுடும். 2011ல இத வீடியோவோட வெளியிட்டாங்க. பாத்துட்டு ரெண்டு நாள் எனக்கு சரியா தூக்கம் இல்ல.

வாய்பெருசு
சாப்பாடு நம்மள சாப்பிடுது 💀 இதே வரிசையில ஒரு தண்ணி வண்டு இருக்கு, தவளை முழுங்குனா செத்தெல்லாம் போகாது, குடல் வழியா நடந்தே பின்பக்கமா உயிரோட வந்துடும், 2020ல ஜப்பான்ல கண்டுபிடிச்சாங்க, ரொம்ப சீக்கிரம் வந்தது ஆறு நிமிஷத்துல. பஸ் ஸ்டாப்புல எறங்கற மாதிரி எறங்கிப் போயிருக்கு.

சேத்துல_காலு
சரி சரி, மின்மினி நான் போட்டதில்ல, இனிமேலும் போட மாட்டேன். மருந்து விஷயம் யோசிக்க வேண்டியதுதான். அப்ப மண்புழு? அதையும் கடையிலதான் வாங்கணுமா?

இரவுப்பாட்டு
உங்க சொந்த மண்ணு, வருஷக்கணக்கா உரமோ மருந்தோ எதுவும் போடலன்னா தாராளமா தோண்டுங்க. ஒருநாள் ஈரத்துணியிலயோ ஈரப் பேப்பர்லயோ போட்டு வச்சீங்கன்னா வயித்துல இருக்கற மண்ணக் கழிச்சிடும், அப்புறம் கழுவிப் போடுங்க. உரக்குழியில நெளியுமே செவப்புப் புழு, அது மட்டும் வேண்டாம், அழுத்துனா மஞ்சளா ஒரு தண்ணி விடும், நாத்தம் புடிச்ச தண்ணி, தவளை வாய்ல போட்டு உடனே கையால தொடச்சுத் துப்பும் பாருங்க, நம்ம கசப்பு மருந்து குடிச்ச மாதிரி மூஞ்சி. அப்புறம் உங்க மேல நம்பிக்கையே போயிடும் அதுக்கு.

கொழுகொழு_குட்டி
எவ்வளவு விஷயம், எல்லாருக்கும் நன்றி. கிரிக்கெட்டும் மண்புழுவும் வாங்கிட்டேன். கிரிக்கெட் டப்பா தொறந்த மொத நிமிஷத்துலயே மூணு பீரோ பின்னாடி போயிடுச்சு, ராத்திரி முழுக்க கச்சேரி.

ஆனா ஒண்ணு, இது சாதாரணம்தானா சொல்லுங்க. எங்க ஆளு கிரிக்கெட் புடிக்கறதுல ரொம்ப மோசம். குறி எல்லாம் கரெக்டா இருக்கு, நாக்கு கிரிக்கெட் மேலயே விழுது, "சப்"னு சத்தம் கூட கேக்குது, ஆனா பூச்சி ஒட்ட மாட்டேங்குது. வழுக்கிட்டு அங்கேயே நிக்குது. நாலு அஞ்சு தடவ அடிச்சுட்டு அப்புறம் வாயோட பாஞ்சு கவ்வுது. மீல்வார்ம் கிண்ணத்துல மூஞ்ச வச்சே அள்ளித் தின்னதால பழக்கம் விட்டுப் போச்சோன்னு நெனச்சேன்.

இரவுப்பாட்டு
தம்பி பழக்கமெல்லாம் இல்ல. இத மொத போஸ்ட்லயே சொல்லியிருக்கணும். உன் பவுடர் டப்பாவத் திருப்பி, பின்னாடி எழுதியிருக்கறத அப்படியே இங்க டைப் பண்ணு. அதுல வைட்டமின் ஏ இருக்கான்னு பாரு.

கொழுகொழு_குட்டி
கால்சியம் கார்பனேட், வைட்டமின் டி3. அவ்வளவுதான் இருக்கு. ஆனா புழுவுக்கு நான் தெனம் கேரட் போடறேனே, கேரட்ல வைட்டமின் ஏ இருக்குல்ல?

இரவுப்பாட்டு
இதுலதான் பாதிப் பேரு விழறாங்க, நானும் விழுந்தவதான். கேரட்ல இருக்கறது பீட்டா கரோட்டீன். நம்ம உடம்பு அத வைட்டமின் ஏ-வா மாத்திக்கும். தவளைங்க பலதுக்கும் அந்த வேலை சரியா தெரியாது, கரோட்டீன் தோல் நெறத்துக்கு உதவும், ஆனா ஏ-வுக்கு அத நம்ப முடியாது. பூச்சிங்க உடம்புலயும் ஏ கிட்டத்தட்ட இல்லவே இல்ல. அப்ப எங்கேருந்து வரும்? ரெட்டினால்னோ வைட்டமின் ஏ அசிட்டேட்னோ போட்ட மல்ட்டிவைட்டமின் பவுடர்லேருந்துதான் வரணும். சில டப்பாவுல முன்பக்கம் பெருசா வைட்டமின் ஏன்னு போட்டுட்டு பின்பக்கம் பொடி எழுத்துல பீட்டா கரோட்டீன்னு இருக்கும், பின்பக்கத்தப் படி.

நாக்கு விஷயம் என்னன்னா, நாக்குல பசை மாதிரி சளி சுரக்கற சுரப்பிங்க இருக்கு, பூச்சி ஒட்டறதே அதாலதான். ஏ கொறஞ்சா அந்த எடத்துல தோல் கெட்டியாகி காஞ்சு போய் சளி நிக்கும். நாக்கு போகும், அடிக்கும், ஒட்டாது. வயோமிங் தேரைன்னு அழிவோட விளிம்புல இருந்து கூண்டுல வச்சு பெருக்கிட்டு வர்ற ஒரு இனம், அதுங்ககிட்ட இத மொதல்ல கவனிச்சப்ப "குட்டை நாக்கு"ன்னு பேரு வச்சாங்க, ஏன்னா பாக்க நாக்கு எட்டாத மாதிரியே தெரியும். எட்டுது, ஒட்டலங்கறதுதான் விஷயம். தவளை பசியோட இருக்கும், ஆசையா பாயும், ஆனா எளைச்சிட்டே போகும்.

இது அதேதான்னு நான் இங்கேருந்து அடிச்சு சொல்ல மாட்டேன், வாய்ல புண்ணு, வேற தொத்துன்னும் இருக்கலாம். தவளை பாக்கற டாக்டர்கிட்ட போ. நீயா மனுஷங்க மாத்திரைய ஒடச்சுப் போட்டுடாத, ஏ ஜாஸ்தி ஆனாலும் விஷம், டி3 வேலையையும் கெடுக்கும்.

டப்பாக்குள்ள_காடு
+1. பழ ஈயும் ஸ்ப்ரிங்டெயிலும் (மண்ணுல துள்ளற பொடிப் பூச்சி) மட்டும் போட்டு வளக்கற எங்க கூட்டத்துலயும் இதே கதைதான், ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா ரெட்டினால் இருக்கற பவுடர் போட ஆரம்பிச்ச அப்புறம்தான் முட்டை ஒழுங்கா பொரியுது. டப்பாவ தொறந்து ஆறு மாசம் ஆச்சுன்னா தூக்கிப் போட்டுடுங்க, பவுடர் இருக்கும், சத்து போயிருக்கும். கூண்டு மேலயே வைக்காதீங்க, லைட் சூடும் ஈரமும் சேந்து சீக்கிரம் கெடும்.

கண்ணாடிக்கூண்டு
டஸ்டிங், அதான் பூச்சி மேல பவுடர் பூசறதுன்னு எல்லாரும் சொல்றாங்க, எப்படிப் பண்ணணும்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நான் கூண்டுக்குள்ளயே தூவி விட்டுட்டு இருந்தேன் ஒரு காலத்துல 🤦

வாய்பெருசு
ஒரு பாலிதீன் பைல ஒரு சிட்டிகை பவுடர், அந்த வேளைக்கு வேண்டிய பூச்சி மட்டும், வாய மூடி மெதுவா ரெண்டு சுத்து. கிரிக்கெட் வெள்ளையா பேய் மாதிரி வெளிய வரணும், மாவு மூட்டையில விழுந்த மாதிரி கட்டியா இருந்தா ஜாஸ்தி, தவளை மொகத்தத் திருப்பிக்கும். உடனே போட்டுடணும். கிரிக்கெட் சுத்தக்காரன், ஓரமா உக்காந்து ஒவ்வொரு காலா மீசையா வாய்க்குள்ள விட்டு வழிச்சு வழிச்சுத் தொடைக்கும், கொஞ்ச நேரத்துல பளபளன்னு ஆயிடும், அப்புறம் தவளை தின்னறது வெறும் கிரிக்கெட்.

அப்புறம் தின்னாத கிரிக்கெட்ட ராத்திரி உள்ள விடாதீங்க. எங்க ஆளு சின்னதா இருந்தப்ப பத்து போட்டேன், நாலு தின்னுட்டு மண்ணுக்குள்ள புதைஞ்சு தூங்கிடுச்சு. காலைல பாத்தா மூக்கு பக்கம் தோல் செவசெவன்னு கொறிச்ச மாதிரி. ஆறு பேரும் பசியில இருந்திருக்கானுங்க. கடிச்ச எடம் ஆற மூணு வாரம். அன்னைலேருந்து எண்ணிப் போட்டு எண்ணி எடுக்கறேன்.

கொழுகொழு_குட்டி
ஐயோ. சூப்பர்வார்ம் வயித்த கடிச்சு ஓட்ட போட்டு வெளிய வரும்னு சொல்றாங்களே, அதுவும் நெஜமா?

வாய்பெருசு
அது கட்டுக்கதை. வயித்துல காத்து இல்ல, அமிலம் வேற, அதெல்லாம் நடக்காது. செத்த தவளைய புழு தின்னத யாரோ பாத்துட்டுக் கெளப்பி விட்டதா இருக்கும். சூப்பர்வார்ம்ல பிரச்சன கொழுப்பும் கெட்டி தோலும்தான். அத ஃப்ரிட்ஜ்ல வச்சுடாத ஆனா, மீல்வார்ம் மாதிரி தூங்காது, செத்துக் கருத்துடும்.

இரவுப்பாட்டு
வாங்கி வந்த அன்னைக்கே போடாதீங்கங்கறதையும் சேத்துக்கறேன். கடை டப்பாவுல வர்ற கிரிக்கெட் அநேகமா பட்டினியிலதான் வரும், வயிறு காலி, வெறும் ஓடு. ஒருநாள் ரெண்டுநாள் நல்லா தீனி போட்டு, அந்த வயிறு நெறஞ்சிருக்கறப்ப தவளைக்குப் போடணும், கட் லோடிங்னு சொல்றது இதத்தான். கீரை, பூசணி, கேரட், அதோட கால்சியம் ஜாஸ்தியா கலந்த பூச்சித் தீனி. தண்ணிய கிண்ணத்துல வச்சா முங்கிச் சாகும், காய் துண்டுலயே ஈரம் போதும். தவிடு மட்டும் போட்ட மீல்வார்ம் வயித்துல பாஸ்பரஸ்தான் இருக்கும், ஃப்ரிட்ஜ்ல தூங்கற புழு வயித்துல அதுவும் இருக்காது. அளவு விஷயமும் சொல்லிடறேன், தவளையோட ரெண்டு கண்ணுக்கு நடுவுல எவ்வளவு அகலமோ அத விட பெரிய பூச்சி வேண்டாம்.

சேத்துல_காலு
ஹார்ன்வார்ம் சொன்னீங்களே, தக்காளிச் செடில பச்சையா பெருசா இருக்கறதுதானே? அது எங்க செடில நெறைய இருக்கு.

இரவுப்பாட்டு
அண்ணே தொடாதீங்க 😭 தக்காளி எலை தின்ன புழு வயித்துல அந்த எலையோட விஷம் இருக்கும். விக்கறது தனியா மாவு மாதிரி தீனி போட்டு வளத்தது, ஆளு ஒண்ணுதான், வயிறு வேற.

*(மூணு வாரம் கழிச்சு)*

கொழுகொழு_குட்டி
அப்டேட் போடறேன்னு சொல்லிட்டு காணாம போயிட்டேன், மன்னிச்சுக்கோங்க. டாக்டர் வாயத் தொறந்து பாத்தாங்க, புண்ணு தொத்து எதுவும் இல்ல, சாப்பாட்டு கதையக் கேட்டதும் அக்கா சொன்னதையேதான் சொன்னாங்க. வைட்டமின் ஏ சொட்டு எடைக்கு ஏத்த அளவுல அவங்களே குடுத்தாங்க, அதுக்கப்புறம் எத்தன நாளைக்கு ஒருக்கா பவுடர்னு எழுதியும் குடுத்தாங்க. தாடை கெட்டியா இருக்கு, கால்சியம் விட்டதில்லைல, அது காப்பாத்துச்சுன்னு சொன்னாங்க.

மொத வாரம் ஒரு மாத்தமும் இல்ல, இடுக்கியால மண்புழுத் துண்டு வாய்கிட்ட ஆட்டி ஆட்டிதான் ஊட்டுனேன். நேத்து ராத்திரி ஒரு சின்ன டூபியா விட்டேன், கண்ணாடியில ஏறத் தெரியாம மூலையில நின்னுட்டு இருந்துச்சு. இவன் மரக்கட்ட மேலேருந்து தலைய மட்டும் சாய்ச்சுப் பாத்தான், பின்னங்கால் கட்டை விரல் டக் டக்னு ஆடுச்சு. "சப்". கரப்பான காணோம். கண்ணு ரெண்டும் உள்ள போய் வெளிய வந்துச்சு. நான் ஒருத்தன் தனியா உக்காந்து கை தட்டறேன்.

வாய்பெருசு
🎉🎉 பீரோ பின்னாடி போன மூணு என்னாச்சு?

கொழுகொழு_குட்டி
ரெண்டு கெடச்சுது. ஒருத்தன் இன்னும் பாடிட்டுதான் இருக்கான்.